பசோபனிப் சாப்பிடறீங்களா? சீட்டுல இருக்குற கேஸ் மாத்திரையை ஒரு தடவை பாருங்க!

வணக்கம் மக்களே. ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு இன்னைக்குப் பேசறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். போன வீடியோவுக்கு அப்புறம் நீங்க அனுப்பின மருந்துச் சீட்டையெல்லாம் பார்த்துட்டு எனக்கு அவ்வளவு எரிச்சல். உங்க மேல இல்லைங்க. முதல் வரியில கிட்னி கேன்சர் மாத்திரை பசோபனிப், 800 மில்லிகிராம். கடைசி வரியில பான் ஃபார்ட்டி, அதாவது பேண்டோபிரசோல்ங்கிற கேஸ் மாத்திரை, காலையில வெறும் வயித்துல! எதை எழுதினாலும் கூடவே ஒரு கேஸ் மாத்திரையைச் சேர்க்கிற இந்தப் பழக்கத்தை நான் அடியோட வெறுக்கிறேன்.

பசோபனிப் கரையணும்னா வயித்துல அமிலம் வேணும். பேண்டோபிரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் அந்த அமிலத்தைத்தான் அடக்கும். எசோமெப்ரசோலோட சேர்த்துக் கொடுத்துப் பார்த்தப்போ, ரத்தத்துல சேர்ற பசோபனிப் சுமார் 40 சதவீதம் குறைஞ்சிடுச்சு. நாலாம் கட்ட கிட்னி கேன்சர்ல, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளரவிடாம நோயைப் பிடிச்சு வைக்கத்தான் இந்த மாத்திரை. அதுல 40 சதவீதத்தை ஒரு ஏப்பத்துக்காக விட்டுக்கொடுக்கறதா?

அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க. ஸ்டென்ட் வச்சு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, அல்சர்ல ரத்தம் கசிஞ்சவங்க, இவங்களுக்கு அது நிஜமாவே தேவைப்படலாம். கேன்சர் டாக்டர்கிட்ட, "சார், இது பசோபனிப்பைக் குறைக்குமாமே, கட்டாயம் வேணுமா?"ன்னு நேரா கேளுங்க. வேணும்னு சொன்னா, ரெண்டையும் ராத்திரி வெறும் வயித்துல ஒண்ணா எடுக்கலாமான்னு கேளுங்க, அப்படி ஒரு வழி இருக்கு. ஃபாமோடிடின்னு இன்னொரு வகை கேஸ் மாத்திரைன்னா, அதுக்கு 2 மணி நேரம் முன்னாடியே பசோபனிப்பைப் போட்டுடணும், இல்லைன்னா அதுக்கப்புறம் 10 மணி நேரம் விடணும். ஜெலுசில் மாதிரி மருந்து குடிச்சா 2 மணி நேரம் கழிச்சு மாத்திரை. மாத்திரை முதல்லன்னா 1 மணி நேரம் போதும்.

சாப்பாடு விஷயம் இதுக்கு நேர் எதிர். சாப்பாட்டோட போட்டா ரத்தத்துல ஏறுற அளவு சுமார் ரெண்டு மடங்காகிடும். நல்லதுதானேன்னு நினைக்காதீங்க. வயித்துப்போக்கு, பிரஷர், கல்லீரல் தொந்தரவு எல்லாம் கூடவே ஏறும். 600 மில்லிகிராமாக் குறைச்சுச் சாப்பாட்டோட கொடுக்கிற டாக்டர்களும் இருக்காங்க, அது அவங்க கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. மத்தவங்களுக்கு, சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு மாத்திரை, போட்டப்புறம் 1 மணி நேரம் எதுவும் கூடாது, தண்ணி மட்டும்.

இதோ, கேமராவுக்குக் கிட்ட காட்டறேன், ஃப்ரிட்ஜ்ல ஒட்டற அட்டவணை. ராத்திரி 7:30 சாப்பாடு, 10 மணி மாத்திரை, அப்படியே தூக்கம். எனக்கு ராத்திரி நேரம்தான் பிடிக்கும், ஏன்னா காலையில போட்டா நம்மாளுங்களால காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கவே முடியாது. பால் காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். ராத்திரியில கவுக்கிறது வேற ஆளு: படுக்கும்போது ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். அதை 8 மணிக்குள்ள முடிச்சிடுங்க.

அட, இதை முதல்லயே சொல்லியிருக்கணும். விழுங்கக் கஷ்டம்னு உடைச்சுப் பொடி பண்ணாதீங்க. பொடி பண்ணினா மருந்து ஒரே அடியா ஏறிடும்.

இன்னொண்ணு, இதெல்லாம் பசோபனிப்புக்கு மட்டும். கிட்னி கேன்சருக்கே கொடுக்கிற மத்த மாத்திரைங்க வேற மாதிரி. கேபோசான்டினிப்புக்கும் வெறும் வயிறுதான், ஆனா கேஸ் மாத்திரையால அதுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. சுனிடினிப், ஆக்சிடினிப் ரெண்டையும் சாப்பாட்டோடவும் எடுக்கலாம். வார்டுல பக்கத்து பெட்காரர் சொன்ன நேரத்தை உங்க மாத்திரைக்குப் போடாதீங்க.

கல்லீரல் டெஸ்ட்டைத் தள்ளிப் போடவே கூடாது. ஆரம்பிக்கும் முன்னாடி ஒண்ணு, அப்புறம் 3, 5, 7, 9-வது வாரம், 3-வது, 4-வது மாசம், அதுக்கப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளியில. அந்த டெஸ்ட்ல கல்லீரல் பாதிப்பைக் காட்டுற எஸ்ஜிபிடி அளவு எகிறினா மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டி வரும். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் எடுத்தா அதையும் சொல்லுங்க, ரெண்டும் சேர்ந்தா எஸ்ஜிபிடி ஏற வாய்ப்பு அதிகம். கீழாநெல்லி, கஷாயம் எதுவா இருந்தாலும் மறைக்காதீங்க. பல்லு பிடுங்கணும்னாலும் முன்கூட்டியே சொல்லிடுங்க, புண்ணு ஆறத் தாமதமாகும்.

முடி, புருவம் வெளுத்துப் போச்சுன்னு கேட்டிருந்தீங்க. மாத்திரையோட வேலைதான் அது, பயப்பட ஒண்ணுமில்லை. பிரஷர்தான் முக்கியம். அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்துல வச்சு, முதல் சில வாரம் தினமும் ரெண்டு வேளை பாருங்க. அட்டவணையில அதுக்கு ஒரு கட்டம் விட்டிருக்கேன், பாருங்க. 140/90 தாண்டிக்கிட்டே இருந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம ஃபோன் பண்ணுங்க.

ஒரு வேளை மறந்துட்டா? அடுத்த வேளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல இருந்தா போடலாம், அப்பவும் வெறும் வயித்துலதான். அதுக்குக் கம்மின்னா விட்டுடுங்க, சேர்த்து டபுளா போடாதீங்க. அட்டவணை டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. பிரிண்ட் எடுத்து, நேரத்தை மட்டும் பேனாவால நிரப்பிக்கோங்க.