திருமயத்தில் கொதித்த அம்பாசடர்: வெயில் மேல் பழி போடாதீர்கள்

கேமரா கொஞ்சம் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முக்காலியின் ஒரு கால் போன தடவை உடைந்துவிட்டது. நாலு ஆத்தங்குடிக் கல்லை அடுக்கி அதன் மேல் போனை வைத்திருக்கிறேன். இன்றைக்கு முகப்பில் உட்கார்ந்து கதை பேசப் போவதில்லை, கார் செட்டுக்குள் போகிறோம்.

பின்னால் நிற்பது ஐயாவுடைய அம்பாசடர். மார்க் 4, 1984 மாடல், 1489 சிசி பெட்ரோல். ஐயா இருந்தவரைக்கும் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் இதில் ஏற வேண்டும். இப்போது பானட்டைத் தூக்கி, ரேடியேட்டரைக் கழற்றி வைத்திருப்பதால் முன்பல் விழுந்த வாய் மாதிரி நிற்கிறது.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது திருமயம் கோட்டை பைரவர் கோயிலுக்கு நேர் எதிரே சூடு காட்டும் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டது. அந்த வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி பைரவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்கள் வண்டி யாரும் சொல்லாமல் தானாகவே நின்றது. மூடியைச் சுற்றி உஸ் என்று ஆவி. பின்சீட்டில் அப்பத்தா, மடியில் தாம்பூலப் பை. உதவிக்கு வந்த ஒருவர் குடத்தில் தண்ணீரோடு ஓடி வந்து மூடியைத் திருகப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றினால் வார்ப்பிரும்பு ஹெட் விரிசல் விடலாம். முக்கால் மணி நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அப்பத்தா பையைப் பிரித்து வெற்றிலை போட்டு முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு ஆள் ஒரே பேச்சு: பழைய வண்டி, சித்திரை வெயில், கொதிக்கத்தான் செய்யும். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. வெளியே நாற்பது டிகிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் எண்பது, தொண்ணூறில் இருக்கும். நடுவில் நாற்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. ரேடியேட்டர் ஒழுங்காக இருந்தால் சூட்டைக் காற்றில் விட அது போதும். ராஜஸ்தானிலும் இதே கார்தான் டாக்ஸியாக ஓடியது. ஆகவே வெயிலை விட்டுவிட்டு உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்ப்போம்.

இதோ, கிட்டே வாருங்கள். மேல் ஹோஸ் மாட்டும் வாய் இது. டார்ச் அடிக்கிறேன். வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்புக் கரண்டகத்தின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்குமே, அதே மாதிரி வெள்ளைப் பொருக்கு தெரிகிறதா? விரலை விட்டால் அதற்கு அடியில் செங்காவிச் சேறு. நாற்பது வருடம் போர் தண்ணீரை மட்டுமே குடித்த வண்டி இது. வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது தெரிந்தால் நாம் புளி போட்டுத் தேய்ப்போம். ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்ப்பவர் யார்?

பொருக்கு ஒரு பங்கு, துரு ஒரு பங்கு. எஞ்சின் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், ஒட்டியிருப்பது ஈயம். நடுவில் உப்புத் தண்ணீர். இத்தனை உலோகத்தையும் ஒரே தண்ணீரில் முக்கி வைத்தால் அது ஒரு மட்டமான பேட்டரி. இரும்புதான் கரையும். காரைக்குடிக்காரர்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊரில்தான் இருக்கிறது. துருவையும் ஆராய்கிற நிலையம் அது. அதன் மதில் ஓரமாகவே இந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய், கடையில் போர் தண்ணீர் பிடித்து ஊற்றியிருக்கிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்தால் தண்ணீர் இறங்கிவிடும். எஞ்சின் பிளாக்கில் இன்னொரு குழாய் இருக்கிறது, அதைப் பல பேர் திறப்பதே இல்லை. நான் திறந்தபோது ஒரு சொட்டு வரவில்லை. சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டுக் குத்தினேன், பத்து நிமிடம் கழித்து மஞ்சள் கரைசல் வந்தது. ரேடியேட்டர் இல்லாத இந்த நேரத்தில் மேலே தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரை விடும் வால்வு) வாயில் தோட்டத்துப் பைப்பை வைத்து, கீழே தெளிவான தண்ணீர் வரும்வரை கழுவிவிடுங்கள்.

ரேடியேட்டரை நான் தொடவில்லை, கடைக்குக் கொண்டுபோனேன். வீட்டில் செய்யக் கூடாத வேலை எது என்று தெரிந்து வைத்திருப்பதும் முக்கியம். கடைக்காரர் ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழலாக ராடு விட்டார். மூன்றில் ஒன்று அடைத்திருந்தது. பக்கத்தில் நின்று பார்க்கும்போது எனக்கு வீட்டில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர்தான் நினைவுக்கு வந்தார். அதே வாசனை, அதே ஊதல். புது அலுமினிய ரேடியேட்டர் வாங்கிப் போடச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். பித்தளையைப் பிரித்து, சுத்தம் பண்ணி, திரும்ப ஒட்டி இன்னும் பல வருடம் ஓட்டலாம் என்கிறபோது எனக்கு மனசு வரவில்லை. அதோடு, ரேடியேட்டர் குழல்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய தகடுகளுக்கு நடுவில் செம்மண் அடை அடையாக இருந்தது. தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் மண் இன்னும் உள்ளே போய் இறுகும்.

ஹோஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, இரண்டையும் மாற்றிவிடுங்கள். கழற்றும்போது முறுக்காதீர்கள். பித்தளை வாய் ஈயத்தில்தான் ஒட்டியிருக்கிறது, ஹோஸோடு சேர்ந்து அதுவும் கையில் வந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். கீழ் ஹோஸை மட்டும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். இது எப்படித் தொளதொளவென்று இருக்கிறது பாருங்கள். பம்ப் உறிஞ்சுகிற பக்கம் இது. வேகத்தில் போகும்போது இப்படி ஒட்டிக்கொண்டால் தண்ணீர் எப்படிப் போகும்? ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, நெடுஞ்சாலையில்தான் காட்டிக் கொடுக்கும்.

இப்போது நம் கதையின் வில்லன். தெர்மோஸ்டாட் மூடியில் மூன்று நட்டு. இரண்டு நாள் டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற வைத்தேன். இரண்டு வந்தன. மூன்றாவது அரைச் சுற்று சுற்றியதும் கைக்கு ஒரு மெத்தென்ற உணர்வு வந்தது. அந்த உணர்வு தெரிந்தவர்களுக்குத் தெரியும். நட்டு மாட்டியிருந்த ஸ்டட் கம்பி அடியோடு முறிந்துவிட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வளவில் போய்ப் பத்து நிமிடம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வெல்டர் தம்பி வீட்டுக்கே வந்து, முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். அந்தச் சூட்டிலேயே பிடி விட்டுச் சுலபமாகச் சுழன்று வந்துவிட்டது. முதலிலேயே சூடு காட்டியிருந்தால் முறிந்தே இருக்காது. என் அவசரம்.

மூடியைத் தூக்கினேன், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! எப்போதோ யாரோ ஒரு மெக்கானிக் எடுத்து எறிந்திருக்கிறார். நம் பக்கம் இது சகஜம், 'நம்ம வெயிலுக்கு இது எதுக்கு' என்பார்கள். அந்த வால்வின் வேலையே எஞ்சின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வந்து, அந்தச் சூட்டிலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்வது. இல்லாவிட்டால் சந்தைக்குப் போய் வருகிற தூரத்தில் எஞ்சின் சூடாகவே ஆகாது. பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும், தேய்மானம் அதிகம். ரேடியேட்டர் அடைபட்டதை மறைக்கத்தான் அன்றைக்கு வால்வை எடுத்திருக்க வேண்டும். நோய் அப்படியே இருந்தது, காய்ச்சல் மட்டும் சில வருடம் தள்ளிப் போனது.

புதிதாக வாங்கியதை மாட்டுவதற்கு முன் சோதித்துவிடுங்கள். நேற்று அடுப்பில் எடுத்த காட்சி இது. எவர்சில்வர் சட்டியில் தண்ணீர். வால்வு அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், பக்கத்தில் தெர்மாமீட்டர். வால்வின் விளிம்பில் 82 என்று பொறித்திருக்கிறது. எழுபது ஆகிறது, அசைவே இல்லை. எழுபத்தைந்து. பின்னால் கேட்கும் குரல் ஆத்தாவுடையது, ரசச் சட்டியை எதற்கு எடுத்தாய் என்கிறார். எண்பது. எண்பத்தொன்று... இதோ, நடுத்தட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு கோடு. நகக்கண் அளவு. உள்ளே இருக்கும் மெழுகு உருகிப் பெருத்துத் தண்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான் இதன் ரகசியம். தொண்ணூறு தாண்டியதும் முழுக்கத் திறந்துவிட்டது. அடுப்பை அணைத்ததும் மெதுவாக மூடிக்கொண்டது. சட்டியை இரண்டு தடவை விளக்கிக் கொடுத்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு கிடைத்தது.

வாட்டர் பம்ப். ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன், லொடலொடவென்று ஆடியது. பம்பின் கழுத்துக்கு அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அங்கே கறை படிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்தவரை நான் பார்த்திருக்கிறேன்! அப்படிச் செய்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். நான்கு போல்ட்டைக் கழற்றிப் புதுப் பம்ப் மாட்டினேன். பழைய பேக்கிங்கைச் சுரண்டுவதுதான் பாதி வேலை. பிளாக்கின் முகம் வழவழவென்று ஆகும்வரை விடாதீர்கள். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். முறுக்கிக் கட்டினால் புதுப் பம்பின் பேரிங் போகும்.

ரேடியேட்டர் மூடியும் புதுசு. மூடிதானே என்று விடாதீர்கள். ஏழு பவுண்டு அழுத்தம் தாங்குகிற மூடி இருந்தால், நூறில் கொதிக்க வேண்டிய தண்ணீர் நூற்றுப் பத்து தாண்டித்தான் கொதிக்கும். பழைய மூடியின் ரப்பர் அப்பளம் மாதிரி உடைந்தது. ஆனால் அதிக அழுத்தத்து மூடி வாங்கிப் போட்டுவிடாதீர்கள், பழைய ஈய ஒட்டு தாங்காது.

நிரப்புவதற்கு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி டிஸ்டில்ட் வாட்டர். வெளிநாட்டில் உறையாமல் இருக்கச் சரிபாதி ஊற்றுவார்கள். காரைக்குடியில் ஐஸ் சர்பத் கடையில்தான் இருக்கிறது, நமக்கு இது போதும். துருவைத் தடுக்கும் மருந்துக்காகத்தான் நான் கூலன்ட் ஊற்றுவதே. அந்த மருந்தும் தீர்ந்துபோகும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாங்கும்போது செம்பு, பித்தளை, ஈய ஒட்டுக்கு ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை. கூலன்ட் இனிக்கும், நாய் நக்கும், நக்கினால் செத்துவிடும். எங்கள் தெரு நாய் இந்த செட்டுக்குள்தான் தூங்கும், அதனால் சிந்திய இடத்தில் மணலைப் போட்டு அள்ளிவிட்டேன். பழைய தண்ணீரையும் ஊருணிப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள்.

கடைசியாகக் காற்றை எடுப்பது. மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்கில் விட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழ் வந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்து மட்டம் படக்கென்று இறங்கியது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இன்னும் அரை லிட்டர் ஊற்றினேன். மொத்தம் ஏழு லிட்டர் சொச்சம் பிடித்தது.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, ஒரு மத்தியானம் இரண்டு மணிக்கு வேண்டுமென்றே கிளம்பினேன். காரைக்குடியிலிருந்து திருமயம், ஏசி இல்லை, எல்லாக் கண்ணாடியும் இறக்கி. முள் பாதிக்குக் கீழே ஏறி நின்றது, நின்ற இடத்திலேயே நின்றது. பைரவர் கோயில் முன்னால் நிறுத்தினேன், இந்தத் தடவை நானாகவே. எஞ்சினை அணைக்காமல் ஒரு டீ குடித்தேன். ஃபேன் சத்தம் மட்டும்தான், ஆவி இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கீழ் ஹோஸ் கிளிப்பில் ஒரே ஒரு சொட்டு. அரைத் திருகு இறுக்கினேன். தரையில் அட்டை விரித்து வைத்திருக்கிறேன், காலையில் பார்த்தபோது காய்ந்துதான் இருந்தது. அடுத்த வீடியோவில் இந்த வண்டியின் பிரேக். அதற்குள் முக்காலிக்குக் கால் போட்டுவிடுவேன்.