லிங்கனின் மூக்கில் ஒரு மனிதர்

அவையோருக்கு வணக்கம்.

ஒரு மலை. அதில் செதுக்கிய முகம், 60 அடி உயரம். கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்தபடி, நெற்றியிலிருந்து கீழே இறங்குகிறார் ஒருவர். இறங்க இறங்கப் புகைப்படம் எடுக்கிறார். ஸ்டண்ட்காரர் என்றுதானே நினைப்பீர்கள்? ஆர்ட் டைரக்டர், அதாவது சினிமாவுக்கு செட் அமைப்பவர். பெயர் ராபர்ட் பாயில்.

அது தெற்கு டகோட்டாவின் ரஷ்மோர் மலை. அமெரிக்க ஜனாதிபதிகள் நால்வரின் முகங்கள் அதில் இருக்கின்றன. லிங்கனின் மூக்கில் ஒரு துரத்தல் காட்சி வைக்க வேண்டும் என்பது திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் நெடுநாள் ஆசை. 1959இல் வெளிவந்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' அந்த ஆசையில் பிறந்த படம்தான். ஆனால் பூங்காத் துறை ஒப்பவில்லை. தலைவர்கள் முகத்தின் மேல் அடிதடியா என்று கேட்டுவிட்டது. அதே படத்துக்கு ஐ.நா. கட்டடமும் கதவைச் சாத்தியது. இரண்டையும் எம்.ஜி.எம். ஸ்டுடியோவுக்குள் கொண்டுவரும் பொறுப்பு பாயில் தலையில் விழுந்தது.

மலையை முழுசாகக் கட்டினாரா? எந்த முதலாளி அதற்குப் பணம் தருவார்! நடிகர்கள் கை பிடிக்கவும் கால் ஊன்றவும் எவ்வளவு பாறை தேவையோ, அவ்வளவுதான் செட். மிச்ச மலையெல்லாம் அவர் தொங்கிக்கொண்டு எடுத்த படங்கள். நடிகர்களுக்குப் பின்னால் இருந்த திரையில் விழுந்தவை. பாறையின் நிறமும் வெடிப்பும் படத்தோடு ஒட்டாவிட்டால் மொத்தக் காட்சியும் கேலிக்கூத்தாகியிருக்கும்.

இவர் படித்தது கட்டடக் கலை. 1933இல் பட்டம் வாங்கிய கையோடு பொருளாதார மந்தம் வேலையைப் பறித்தது. துணை நடிகராக ஸ்டுடியோ வாசலுக்குப் போனவர், பிறகு பாரமவுண்ட் ஸ்டுடியோவின் கலைத் துறைத் தலைவர் ஹான்ஸ் ட்ரையரிடம் தொழில் கற்றார். 1963இல் 'தி பேர்ட்ஸ்', 1971இல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' என்று பட்டியல் நீளம். பின்னதில் ரஷ்யப் பேரரசின் யூத கிராமமாக நாம் பார்ப்பது யூகோஸ்லாவியா!

நான்கு முறை ஆஸ்கர் பரிந்துரை, ஒருமுறையும் கிடைக்கவில்லை. 2008இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 98. இவ்வளவு தாமதமா என்று எனக்குக் கோபம்தான். 2010இல், நூறு வயதில் காலமானார்.

இன்னொன்று. 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில் மலைக்குப் பக்கத்தில், அந்தரத்தில் நீட்டிக்கொண்டு வில்லனுக்கு ஒரு வீடு இருக்குமே? அதைத் தேடி ரஷ்மோருக்குப் போய்விடாதீர்கள். பாதி செட், மீதி ஓவியம்.