வலையை எடுப்பதற்கு முன்னால்

மேடையில் வீற்றிருக்கும் துணை மேயர் அம்மா அவர்களே, கால்நடைப் பராமரிப்புத் துறை டாக்டர் ஐயா அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே (உங்களிடம் கடைசியில் ஒரு வேலை இருக்கிறது, பாதியில் கிளம்பிவிடாதீர்கள்), மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்து காலையில் கேசரியும் கிச்சடியும் போட்ட அரிமா சங்கத் தலைவர் அவர்களே, புதிதாகச் சேர்ந்திருக்கும் தன்னார்வலர்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் செயலாளர் நன்றியுரையில் சேர்த்துக்கொள்வார்.

விலங்கைப் பிடிப்பது, பராமரிப்பது, மக்களிடம் பேசுவது, இந்த மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். வரிசையாகவே வருகிறேன்.

'நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.' நம் வேலைக்கென்றே சொல்லிவைத்தது. நாய் பிடிக்கும் வண்டி வராத நாளெல்லாம் தெருநாய்கள் நடுத்தெருவில் படுத்திருக்கும். வண்டி வந்த அன்று ஒரு வால்கூடக் கண்ணில் படாது.

உறையூர்ப் பக்கம் ஒரு தெருவில் ஒரு பெட்டை நாய். தினமும் ரேஷன் கடை திறக்கும் நேரத்துக்கு வந்து, வரிசை ஒழுங்காக நகர்கிறதா என்று மேற்பார்வை பார்க்கும். அதனால் அதற்குப் பெயர் கலெக்டர். கருத்தடைக்காக அதைப் பிடிக்க நம் பையன் ஒருவன், இன்ஜினியரிங் படிக்கிறவன், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வலையோடு இறங்கிவிட்டான். கலெக்டர் ஓட, இவன் துரத்த, சைக்கிள் ஒன்று சரிய, கடைசியில் ஒரு முட்டுச்சந்தில் வலை விழுந்தது. உடனே இடியாப்பக்காரப் பாட்டி தெருவே அதிரக் கத்தினார்: "ஐயையோ, கலெக்டரைப் பிடிச்சுட்டுப் போறானுங்களே!" மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த போலீஸ்காரர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பாவம், நிஜ கலெக்டர் என்றே நினைத்துவிட்டார்.

சிரித்து முடித்தாயிற்றா? பாட்டி அப்புறம் கேட்டதைக் கேளுங்கள். "எங்கே கொண்டுபோற? எப்போ கொண்டுவந்து விடுவ?" பையனிடம் பதில் இல்லை. பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லியிருந்தால் பாட்டியே கூப்பிட்டிருப்பார், கலெக்டரும் வாலாட்டிக்கொண்டு வந்திருக்கும். நாய் திரும்பி வந்ததும் அடுத்த சண்டை: "காதை ஏன்டா வெட்டினீங்க?" கருத்தடை ஆனதற்கு அதுதான் அடையாளம், தூரத்திலிருந்தே தெரியும் என்று பொறுமையாகச் சொன்னோம். இப்போது காது வெட்டாத புதுநாய் எது வந்தாலும் முதல் போன் பாட்டியிடமிருந்துதான்.

இது எங்கிருந்தோ இறக்குமதியான யோசனை இல்லை. நாய்களைக் கொன்றால் தீராது, கருத்தடைதான் வழி என்று சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964லேயே சொல்லியது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. நாடு முழுவதற்குமான விதி 2001ல் வந்தது, 2023ல் புதுப்பித்தார்கள். 1960ல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவரும் நம் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல்தான். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார்.

பராமரிப்பு பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

நான் பல மேடைகளில் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான்: நாய்க்கடியிலிருந்து தப்பிக்கச் சொல்லித்தர ஐந்தாம் வகுப்பில் மாதம் ஒரு பாடவேளை. ரேபிஸ் என்கிற வெறிநோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய் முறைத்தால் ஓடாதே, தூங்குகிற நாயைத் தொடாதே, குட்டியோடு இருக்கும் தாயிடம் போகாதே. கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவு, சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதே, நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. இதைச் சொல்ல அரை மணி நேரம் போதாதா? கேட்டால், ஆசிரியர் தயாராக இருக்கும்போது பாடவேளை இல்லை என்கிறார்கள். பாடவேளை கிடைத்தால் ஆசிரியர் தேர்தல் வேலைக்குப் போயிருக்கிறார். நாயைக் கண்டால் கல்லைக் காணோம்! கல்வி அலுவலர் ஐயா, ஆசிரியர் வேண்டாம், இதோ உட்கார்ந்திருக்கிற இந்தத் தன்னார்வலர்கள் வந்து பாடம் எடுப்பார்கள். அனுமதி மட்டும் கொடுங்கள். மனு உங்கள் முன்னால் மேசையில் இருக்கிறது, தண்ணீர் பாட்டிலுக்கு அடியில்.

தன்னார்வலர்களுக்கு ஒன்று. முன்கூட்டியே போடும் ரேபிஸ் தடுப்பூசி போடாத யாரும் வலையைத் தொடக் கூடாது. மண்டபத்தின் பின்பக்கம் நர்ஸ் அம்மா காத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்னால் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.