கிழக்குப் பார்த்த கல்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் கண்காட்சி என்றால் ஒன்றுதான். ஆண்டுதோறும் நடக்கிற மாங்கனிக் கண்காட்சி. ராட்டினம், டெல்லி அப்பளம், அரசுத் துறைகளின் அரங்குகள், தட்டுத் தட்டாக அடுக்கிய மாம்பழம். அதனால் போன வருடம் ஒரு கண்காட்சிக்கு நான் பொறுப்பேற்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "ராட்டினம் உண்டா?" இல்லை பெரியம்மா, சிற்பம், கட்டடக்கலை, இந்தக் காலத்துக் கலை என்றேன். "அப்போ கொழந்தைங்க எதுக்கு வரும்?" என்றார். நியாயமான கேள்வி. கடைசிவரை என்னை அது விடவில்லை.

வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வரைபடம் போடுவது என் தொழில். ஒரு கலை அமைப்பு என்னைக் கூப்பிட்டு, கெஸ்ட் கியூரேட்டராக இருங்கள் என்றது. இதற்குத் தமிழில் என்ன சொல்வது? அரசு அருங்காட்சியகத்தில் இருப்பவர் காப்பாட்சியர். நான் எதையும் காத்து ஆட்சி செய்யவில்லை. சிலர் தொகுப்பாளர் என்கிறார்கள். அப்படிச் சொல்லிப் பார்த்தேன், எந்த டிவியில் வருகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அதனால் கியூரேட்டர் என்றே வைத்துக்கொள்வோம். எதைக் காட்டுவது, எதை விடுவது, எதன் பக்கத்தில் எதை நிறுத்துவது, இதுதான் வேலை. அப்புறம் லாரி வாடகையும்.

கெஸ்ட், அதாவது விருந்தாளி என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. வெளியாளைக் கூப்பிடுவதே புதுக் கண்ணோடு பார்க்கட்டும் என்றுதான். கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் ஒரு கலைஞரைக் கூப்பிட்டுப் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். 2014-இல் ஜிதிஷ் கல்லாட், 2016-இல் சுதர்சன் ஷெட்டி, 2018-இல் அனிதா துபே. எனக்கும் முழு சுதந்திரம் என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது வாரம், கட்டாயம் இடம்பெற வேண்டிய நாற்பது படைப்புகளின் பட்டியல் வந்தது! விருந்தாளிக்கு இலை போடலாம், வாயில் ஊட்டிவிடக் கூடாது என்று பதில் எழுதினேன். பேரம் பேசி ஏழு படைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் தள்ளிய முப்பத்து மூன்றில் ஒன்றையாவது எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எது என்று சொல்ல மாட்டேன்.

இடம், மாம்பழக் கூழ் தொழிற்சாலை ஒன்றின் பழைய கிடங்கு. தோதாபுரி சீசன் முடிந்து ஆவணியில் காலியாகக் கிடந்தது. எவ்வளவு கழுவினாலும் தரையிலிருந்து புளித்த மாம்பழ வாசனை போகவில்லை. கலைக் கண்காட்சிகளுக்கும் கிடங்குகளுக்கும் ஏதோ பூர்வ ஜென்மத் தொடர்பு இருக்க வேண்டும். 2012 டிசம்பர் 12-இல் கொச்சி பினாலே தொடங்கியது ஆஸ்பின்வால் கம்பெனியின் பழைய வளாகத்தில். மிளகும் இஞ்சியும் கயிறும் வியாபாரமான இடம் அது. வெனிஸில் கட்டடக்கலைக்கான முதல் சர்வதேசக் கண்காட்சி 1980-இல் நடந்தது, கப்பலுக்குக் கயிறு திரித்த நீண்ட கூடத்தில்.

அந்த வெனிஸ் கண்காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். ஓவியத்தை ஆணியில் மாட்டலாம். சிற்பத்தைப் பீடத்தில் வைக்கலாம். கட்டடத்தை எப்படிக் காட்டுவது? அது இருக்கிற இடத்தைவிட்டு வராது. வரைபடத்தை மாட்டினால் என்னைப் போன்றவர்கள் மட்டும் நின்று பார்ப்போம், மற்றவர்கள் மின்விசிறிக்குக் கீழே போய் நிற்பார்கள். வெனிஸில் பொறுப்பாளராக இருந்த பாவ்லோ போர்த்தோகேசி 20 பேரைப் பிடித்து, ஆளுக்கொரு வீட்டு முகப்பை முழு அளவில் கூடத்துக்குள்ளேயே கட்டவைத்து ஒரு தெருவையே உண்டாக்கினார். கட்டிக் கொடுத்தவர்கள் ரோம் சினிமா ஸ்டுடியோவின் செட் ஆட்கள். எங்களிடம் அந்தப் பணம் இல்லை. எங்களிடம் இருந்தது கல்.

கலந்துகொள்ள வந்த இளைஞர்களை முதலில் சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்துக்குக் கூட்டிப்போனேன். பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்களான கல்திட்டைகள் அங்கே மலைமேல் கூட்டமாக இருக்கின்றன. நான்கு பலகைக்கற்கள், ஒன்றை ஒன்று தாங்கிப்பிடிக்கிற மாதிரி நிறுத்தியவை. மேலே மூடுகல். ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. சுண்ணாம்பும் இல்லை, சிமென்டும் இல்லை. இன்றைக்கும் நம் பக்கத்தில் தோட்ட வேலிக்குக் கல் நடுகிறோம், பந்தலுக்குக் கல்லுக்கால் போடுகிறோம், பழைய வீடுகளில் கூரைக்கே பலகைக்கல் கிடக்கிறது. கல்லை மெல்லிய பலகையாக்கி நிறுத்துகிற அந்த யோசனை இந்த மண்ணில் விட்டுப்போகவே இல்லை. அதனால் வீட்டைக் காட்ட வேண்டாம், பலகைக்கல் பிறப்பதைக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

கிடங்கின் முற்றத்தில் ஒரு பாறைத் துண்டை இறக்கினோம். பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லுடைக்கிற பெரியவர் வந்தார். கல்லின் முதுகில் ஒரே கோட்டில் சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் குழி வெட்டினார். ஒவ்வொரு குழியிலும் ஒரு இரும்பு ஆப்பு. பிறகு சம்மட்டியால் வரிசையாக, ஒன்றுக்கு ஒரு தட்டு, திரும்ப முதலிலிருந்து. இது வானொலியில் சொல்லத் தோதான விஷயம், ஏனென்றால் அவர் கண்ணால் வேலை செய்யவில்லை, காதால் செய்தார். முதலில் கணீர் கணீர் என்று மணிச்சத்தம். நான்காவது சுற்றில் சத்தம் கம்மியது. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலையை எடுத்தார். என்ன ஆச்சு என்றார்கள் பையன்கள். "இருங்கப்பா, அது வேலை செய்யுது" என்றார். வெற்றிலை மடிக்கிற நேரம்தான், துணி கிழிவது போல் மெல்லிய ஒரு சத்தம், கல் இரண்டாகிவிட்டது. அன்றைக்கு வந்த குழந்தைகள் யாரும் ராட்டினம் கேட்கவில்லை.

அடுத்தது பட்டுப்புழு. பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருவர், வீட்டில் மல்பெரித் தோட்டம், படித்தது ஓவியம். பழுத்த, அதாவது கூடு கட்டத் தயாரான புழுவைச் சந்திரிகை என்கிற தட்டில் விட்டால் இடுக்கு தேடிக் கூடு கட்டும். அவர் தட்டையான பலகையில் விட்டார். புழு இடுக்கு தேடி அலைகிறது, கிடைக்கவில்லை, அப்படியே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டிப் பலகை முழுக்க நூலை விரிக்கிறது. கூட்டுக்குப் பதில் ஒரு பட்டுத் தாள். ஓரத்துக்குப் போகிற புழுவை எடுத்து நடுவில் விட்டபடி அந்தப் பெண் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்.

எனக்கு இதில் இரண்டு அடி விழுந்தது. ஒன்று, அழைப்பிதழில் திறப்பு விழா சனிக்கிழமை என்று அச்சடித்திருந்தோம். புழு வியாழக்கிழமையே பழுத்துவிட்டது. அதற்கு ஏது அழைப்பிதழ்? அன்று ராத்திரியே ஷட்டரைத் தூக்கிவிட்டோம். முதல் பார்வையாளர்கள் எதிர் டீக்கடைக்காரரும் லாரி ஓட்டுநர்களும்தான். மந்திரி யாரும் திறக்காத அந்த ராத்திரிதான் எனக்கு உண்மையான திறப்பு விழா. இரண்டாவது, சுவரில் பெருமையாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2013-இல் 6,500 புழுக்களை விட்டு ஒரு மண்டபத்தையே நெய்யவைத்தார்கள் என்று. ஒரு விவசாயி படித்துவிட்டுச் சிரித்தார். "நூறு முட்டைத் தொகுதி வாங்குனாலே நாப்பதாயிரம் புழு வரும்மா. எங்க கொட்டாயில பாதிப் படுக்கைகூட நெறையாதே இது." அதோடு நிறுத்தவில்லை. குத்துவிளக்குப் பக்கத்தில் ஊதுபத்தியை அணைக்கச் சொன்னார், புழுவுக்கு ஆகாது என்று. சுவருக்கு என்றைக்கு பெயின்ட் அடித்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து குறிப்பட்டைகளை எல்லாம் திரும்ப எழுதினேன். "வெளிக்கும் பொருண்மைக்கும் இடையிலான உரையாடல்" என்றெல்லாம் எழுதியிருந்தேன், படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு, கல் எங்கிருந்து வந்தது, என்ன எடை, யார் உடைத்தார், எத்தனை நாள் ஆயிற்று என்று போட்டேன். ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ. அந்த ஒரு வரியை மக்கள் நின்று படித்தார்கள். படித்துவிட்டுக் கல்லின் நீள அகலத்தை ஜாணால் அளந்து கணக்குப் போட்டார்கள்.

இனி அந்தக் கல்லுக்கு வருகிறேன். வெளியூர்ச் சிற்பி ஒருவர் ஏழடிப் பலகைக்கல் ஒன்றை நிறுத்தியிருந்தார். ஒரு முகம் ஆப்பு வைத்த தழும்போடு சொரசொரப்பாக. மறுமுகம் கண்ணாடி மாதிரி மெருகு. உருவம் எதுவும் கிடையாது. கரடு முகம் கிழக்கு வாசலைப் பார்த்து நின்றது, வெளிச்சத்துக்காக நான் அப்படி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால், "தொடாதீர்கள்" என்ற அட்டைக்கு அந்தப் பக்கம், கல்லில் மஞ்சள், குங்குமம், கீழே இரண்டு அரளிப்பூ.

நம் பக்கத்தில் இது ஆச்சரியமில்லை. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு நட்ட கல்லை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறோம். ஆனால் நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், படைப்பில் சிறு கறை பட்டாலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. மஞ்சள் கரட்டுக் கல்லில் இறங்கினால் சுலபத்தில் போகாது. துடைப்பதா, விடுவதா? சிற்பிக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எந்த முகத்துல வெச்சிருக்காங்க?" என்றார். கரடு முகத்தில் என்றேன். சிரித்துவிட்டார். "ரெண்டு மாசம் உக்காந்து நான் மெருகு போட்டது அந்தப் பக்கம். சரி, இருக்கட்டும்."

குறிப்பட்டையில் 'கருங்கல்' என்ற இடத்தில் 'கருங்கல், மஞ்சள், குங்குமம்' என்று திருத்தினேன். பார்வையாளர் நோட்டில் ஒரு கல்லூரிப் பெண், இது கலைக்கூடமா கோயிலா, முதலில் முடிவு செய்யுங்கள் என்று கோபமாக எழுதியிருந்தார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அவருக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் கிடையாது. பூ மட்டும் தினமும் மாறிக்கொண்டே இருந்தது. வைத்தது யாரென்று காவலாளி சொல்லவில்லை, நானும் அழுத்திக் கேட்கவில்லை.

கடைசி நாள் கல்லை ஏற்ற ஆறு பேர் வந்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் கயிறு போட்டார்கள். லாரியில் சாய்க்கும்போது ஒருவர் என்னிடம் திரும்பி, "ஏம்மா, இது கெழக்கப் பாத்துதான இருந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன். நான்கு பேர் முனகிக்கொண்டே கல்லைத் திருப்பி, லாரிக்குள்ளும் கரடு முகம் கிழக்கே இருக்கும்படி வைத்துக் கட்டினார்கள். வண்டி கிளம்பி, மேம்பாலத்தடியில் பெங்களூரு ரோட்டுக்குத் திரும்பியது. வணக்கம்.