ரோட்ஸ் தீவில் எட்டு மணி நேரம்: மதிலை விட்டு வெளியே போகாத ஒரு நாள்

வணக்கம். நான் இப்போது நிற்பது கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவுத் துறைமுகத்தில். எனக்குப் பின்னால் தெரியும் வெள்ளைக் கப்பலில்தான் இன்று விடியற்காலையில் வந்து சேர்ந்தோம். மணி எட்டு. மாலை நான்கு மணிக்குள் திரும்பிக் கப்பலேறிவிட வேண்டும். சான்டோரினியில் கப்பல் நடுக்கடலில் நிற்கும். சிறு படகுக்குக் காத்திருந்து, பிறகு மலையேறும் கேபிள் காருக்கும் காத்திருந்து, ஊரைப் பார்ப்பதற்குள் பாதி நாள் போய்விடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. படியில் இறங்கியதும் எதிரே கோட்டை மதில் தெரிகிறது. கரையோரமாகவே நடந்தால் சிறிது நேரத்தில் ஊருக்குள் நுழைந்துவிடலாம்.

உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள லிண்டோஸுக்குப் பேருந்தில் கிளம்பிவிட்டார்கள். குன்றின் மேல் பழைய கோயிலும் கீழே நீலக்கடலுமாக அதுவும் பார்க்க வேண்டிய இடந்தான். ஆனால் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று கணக்குப் பார்த்தபோது, 1988 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த நகரம் காலடியில் இருக்க, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்த ஒரு நாளை மதிலுக்குள்ளேயே நடந்து கழிப்பது என்று முடிவு செய்தேன்.

வாசலைக் கடந்து உள்ளே வந்தாயிற்று. இது ஒரு சிறிய சதுக்கம். நடுவே கடற்குதிரைச் சிற்பங்கள் வைத்த நீரூற்று இருக்கிறது. நாற்காலிகளை இப்போதுதான் எடுத்துப் போடுகிறார்கள். கூட்டம் சேர்வதற்குள் மேட்டுப் பக்கம் போய்விட நினைப்பதால் இங்கே நிற்கவில்லை.

இதோ, கேமராவைத் தாழ்த்தித் தரையைக் காட்டுகிறேன். கடற்கரையில் பொறுக்கிய கூழாங்கற்களைக் குறுகிய பக்கம் மேலே வரும்படி செங்குத்தாக நட்டு இந்தத் தரையைப் போட்டிருக்கிறார்கள். இவ்வேலைக்கு இவ்வூர்ப் பெயர் ஹொக்லாகி. வீட்டு முற்றங்களிலும் கோயில் வாசல்களிலும் கறுப்புக் கல்லையும் வெள்ளைக் கல்லையும் மாற்றி மாற்றி வைத்து, பூவும் கொடியும் நட்சத்திரமுமாகக் கோலம் போல அமைக்கிறார்கள். மெல்லிய அடி வைத்த செருப்போடு வந்தால் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் உறுத்தும். ஆகவே நல்ல கனமான காலணி போட்டு வாருங்கள். இந்தச் சந்தில் ஒரு மூதாட்டி வாசலில் தண்ணீர் விட்டுத் துடைப்பத்தால் கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தயங்கி நின்றதும், "கலிமேரா" என்று காலை வணக்கம் சொல்லி, ஈரத்தில் வழுக்கும், ஓரமாகப் போ என்று கையால் காட்டினார். இது காட்சிக்கு வைத்த ஊரன்று, மக்கள் குடியிருக்கும் ஊர். தலைக்கு மேலே எதிரெதிர்ச் சுவர்களை இணைக்கும் கல் வளைவுகள் தெரிகின்றனவே, அவை அழகுக்காகக் கட்டியவை அல்ல. நிலநடுக்கம் வந்தால் வீடுகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்பதற்காகக் கட்டியவை.

இப்போது நான் ஏறிக்கொண்டிருப்பது வீரத்துறவிகளின் தெரு. எருசலேமில் நோயாளிகளுக்குப் பணி செய்யத் தொடங்கிப் பின்னர் படையாகவும் மாறிய புனித யோவான் சபையினர், 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1522 வரை இத்தீவை ஆண்டார்கள். பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் என்று அவரவர் மொழிப் பிரிவுக்குத் தனித்தனி விடுதி. கதவுக்கு மேலே அவரவர் கேடயச் சின்னம். தெருவின் அடிவாரத்தில் அவர்கள் கட்டிய மருத்துவமனையில்தான் இப்போது தொல்லியல் அருங்காட்சியகம் இயங்குகிறது. உதுமானியச் சுல்தான் சுலைமான் ஆறு மாதம் முற்றுகையிட்ட பிறகே ஊரை ஒப்படைத்துக் கடலேறினார்கள். அந்தக் காலத்துக் கல் குண்டுகளை இன்றும் ஊரெங்கும் பார்க்கலாம்.

தெருவின் உச்சியில் இருப்பது சபைத் தலைவரின் மாளிகை. ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும்: நாம் பார்க்கும் இக்கட்டடத்தின் பெரும்பகுதி நூறு ஆண்டுகூட ஆகாதது. 1856 இல் அருகே சேமித்து வைத்திருந்த வெடிமருந்து மின்னல் தாக்கி வெடித்ததில் பழைய மாளிகை பெரும் சேதமடைந்தது. தீவு இத்தாலியர் கையில் இருந்தபோது, 1930களின் இறுதியில் அவர்கள் இதைத் திரும்ப எழுப்பினார்கள். மேல்தளத்துத் தரைச் சித்திரங்கள்கூடக் கோஸ் தீவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. ஆகவே நான் அதிக நேரம் நின்றது மேலே அல்ல, கீழ்த்தளத்தில் பண்டைய ரோட்ஸைக் காட்டும் கூடத்தில். அங்கே ஆம்போரா என்னும் இருகைப்பிடிச் சாடிகள் இருக்கின்றன. அடி கூம்பி, கழுத்து நீண்ட இந்தச் சாடிகளில்தான் ரோட்ஸ் திராட்சை மது கடல் கடந்தது. கைப்பிடியின் வளைவில் விரல் நுனி அளவுக்கு முத்திரை குத்துவது இவ்வூர் வழக்கம். ஒரு கைப்பிடியில் சூரியக் கடவுளின் அந்த ஆண்டுப் பூசாரி பெயரும் மாதமும் இருக்கும். மற்றதில் சாடி செய்தவரின் பெயர் இருக்கும். சில முத்திரைகளில் ஊர்ச்சின்னமான ரோஜாவும் உண்டு. பூசாரி பெயரைக் கொண்டு ஆய்வாளர்கள் சாடியின் காலத்தைக் கணிக்கிறார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945 இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த சாடித் துண்டுகளில் கோஸ், ரோட்ஸ் தீவுகளைச் சேர்ந்தவையும் உண்டு என்று பின்னர் அடையாளம் கண்டார்கள். யவனர் கொண்டுவந்த தேறலைச் சங்கப் புலவர் பாடியது நமக்குத் தெரியும். அந்தச் சாடிகளின் உடன்பிறப்புகளை அவை பிறந்த மண்ணிலேயே பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

பெயர் பெற்ற கொலோசஸ் எங்கே என்று கேட்பீர்கள். அந்தச் சூரியக் கடவுளின் வெண்கலச் சிலை கி.மு. 226 நிலநடுக்கத்திலேயே சாய்ந்துவிட்டது. துறைமுக வாயிலின் இருபுறமும் கால் பரப்பி நின்றதாக வரையும் படம் பிற்காலக் கற்பனை. மாந்திராகி துறையில் இப்போது தூண்களின் மேல் மான் சிலைகள் நிற்கின்றன.

மணி ஒன்றரை. கடைத்தெரு வழியாக இறங்கி, காலையில் காட்டிய அதே நீரூற்றுக்கு வந்திருக்கிறேன். அப்போது அவசரத்தில் நான் கவனிக்காத ஒன்று இங்கே நிற்கிறது: ஆறு பக்கங்கள் கொண்ட கறுப்புக் கல். இது யூதத் தியாகிகள் சதுக்கம். ஸ்பெயினிலிருந்து 1492 இல் விரட்டப்பட்ட யூதர்களின் வழிவந்தோர், லதினோ என்னும் தம் ஸ்பானியப் பேச்சு மாறாமல் இத்தெருக்களில் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள். நாஜிப் படை அவர்களைப் பிடித்து, 1944 ஜூலை 23 அன்று இந்தத் துறைமுகத்திலிருந்து படகில் ஏற்றி, ஏதென்ஸ் அருகிலுள்ள பிரேயஸ் துறைமுகம் வழியாக அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பியது. ரோட்ஸ், கோஸ் தீவுகளைச் சேர்ந்த 1,604 பேர் மாண்டதாக இக்கல் ஆறு மொழிகளில் சொல்கிறது. அப்போது இங்கிருந்த துருக்கியத் துணைத்தூதர் செலாஹத்தின் உல்குமென், துருக்கியக் குடியுரிமை உடையோர் என்றும் அவர்தம் குடும்பத்தார் என்றும் வாதாடி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்.

பக்கத்துச் சந்தில் 1577 இல் கட்டிய கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் இருக்கிறது. கிரேக்க நாட்டில் எஞ்சியிருக்கும் யூதத் தொழுகைக்கூடங்களில் இதுவே மிகப் பழையது. உள்ளே போய்விட்டுத்தான் வருகிறேன். முன்பு பெண்கள் தொழுத அறைகளில் ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். திருமண நாளில், பள்ளி வகுப்பில், கடை வாசலில் எடுத்த குடும்பப் படங்கள் அங்கே சுவரெங்கும் உள்ளன. காலையில் மூதாட்டி கழுவிக்கொண்டிருந்தாரே, அதே கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் தரைதான் அந்தக் கூடத்திலும். படங்களில் இருப்பவர்கள் நடந்து நடந்து அதன் கற்கள் வழவழவென்று ஆகியிருக்கின்றன. அங்கே நான் கேமராவை அணைத்துவிட்டேன்.

இப்போது மணி மூன்று. வாசலுக்கு வெளியே கப்பல் தெரிகிறது. அங்கே போவதற்குள், காலையில் நிற்காமல் போன இந்தச் சதுக்கத்தில் இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.