கறிக்கடையில் வாயைத் திறந்து கேளுங்கள்

வணக்கம் மக்களே. மணி ஏழேகால், புதன்கிழமை, இப்போதுதான் கடையிலிருந்து வருகிறேன், மூச்சு வாங்குகிறது பாருங்கள். கையில் இருப்பது அரைக் கிலோ ஆட்டுக்கறி. புதன்கிழமை யாராவது கறி எடுப்பார்களா என்று அத்தை வாசலிலேயே கேட்டுவிட்டார். எடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நாலு பேர். மாதத்துக்குக் கறிச் செலவு 2,000 ரூபாய், அதற்கு மேல் போனால் கேஸ் காசில் கை வைக்க வேண்டும். கோவில்பட்டியில் நான் வாங்கும் கடையில் ஆட்டுக்கறி கிலோ 900. அரை அரைக் கிலோவாக இரண்டு தடவை எடுத்தால் 900 போயிற்று, பிராய்லர் கிலோ 250 வீதம் மூன்று தடவை 750, மிச்சம் 350 ரூபாயில் ஒரு நாள் குடல், அப்புறம் முட்டை. இந்தக் கணக்கில் ஒரு கறி சரியில்லை என்றாலும் அந்த வாரமே வீண்.

அப்படி ஒரு தடவை ஆனது. இரண்டு வருஷம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் வீட்டிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று அவசரத்தில் தெரியாத கடை ஒன்றில் போய் நின்றேன். பயங்கரக் கூட்டம், என் முறை வந்ததும் "ஒரு கிலோ கொடுங்க" என்றேன், அவ்வளவுதான், எந்தக் கறி, எதற்கு என்று நானும் சொல்லவில்லை அவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கழுவும்போது பார்த்தால் சவ்வும் கொழுப்புமாக ஒரு குவியல். கோபத்தில் அதைத் தனியாக எடுத்துத் தராசில் வைத்தேன், 230 கிராம். 900 கொடுத்து 770 கிராம்தான் சட்டியில் விழுந்தது, அப்படியென்றால் கிலோ கிட்டத்தட்ட 1,170 ரூபாய்! அதுவும் எட்டு விசில் வைத்தும் வேகவில்லை. நாத்தனார் ஒன்றும் சொல்லாமல் ரசம் ஊற்றிக்கொண்டாரே, அதுதான் இன்னும் குத்துகிறது.

அன்றைக்குப் பிறகு நான் கூட்டம் இல்லாத நாளில்தான் போவது. புதன்கிழமை எங்கள் கடையில் ஒரு ஆடுதான் அறுப்பார்கள், அண்ணாச்சிக்குப் பேச நேரம் இருக்கும், நமக்கும் ஆட்டை நின்று பார்க்க நேரம் இருக்கும். முதலில் வாலைப் பாருங்கள். தொங்கவிட்ட ஆட்டில் வால் நுனியில் முடியோடு விட்டிருப்பார்கள், சும்மா இல்லை, வெள்ளாடா செம்மறியா என்று நமக்குக் காட்டத்தான். வெள்ளாட்டு வால் குட்டையாக மேலே தூக்கி நிற்கும், செம்மறி வால் கீழே தொங்கும். வால் இல்லாமல் தொங்கினால் கேளுங்கள். செம்மறி மோசம் என்று நான் சொல்லவில்லை, கொழுப்பு கூட இருக்கும், அந்த ருசி பிடித்தவர்கள் உண்டு. ஆனால் வெள்ளாட்டு விலையில் அதை வாங்கக் கூடாது இல்லையா.

இப்போது வாங்கி வந்த கறியைக் கேமராவுக்குக் கிட்டத்தில் காட்டுகிறேன், லைட் அடிக்கிறது, இருங்கள். இது விலா எலும்பு. மெலிசாக, கொஞ்சம் உருண்டையாக இருக்கிறதா? இளம் ஆடு. முற்றின ஆடாக இருந்தால் இதே எலும்பு பட்டையாக அகலமாக இருக்கும், கறியும் கருஞ்சிவப்பாகத் தெரியும். விரலால் அழுத்துகிறேன் பாருங்கள், குழி உடனே எழும்பி வந்துவிட்டது. பையின் அடியில் தண்ணீர் தேங்கவில்லை. தொட்டால் விரல் பிசுபிசுக்கவும் இல்லை.

அப்புறம், எதற்கு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். நான் இன்றைக்குக் கேட்டது: "அண்ணாச்சி, குழம்புக்கு, முன்னங்காலில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம், நெஞ்செலும்பு ரெண்டு துண்டு, சவ்வு எடுத்துட்டு நிறுங்க." கடைசி மூன்று வார்த்தைதான் முக்கியம். நிறுத்த பிறகு எடுத்தால் நம் காசு குப்பைக்கூடையில். குழம்புக்குத் தொடைக்கறி எதற்கு? சுக்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிறைய வேலை செய்த இடம், கழுத்து, முன்னங்கால், இதெல்லாம் மெதுவாக வெந்தால்தான் சாறு இறங்கும், குழம்பு கெட்டியாக வரும். கொத்துக்கறியா, துண்டைக் காட்டச் சொல்லி கண் முன்னால் கொத்தச் சொல்லுங்கள்.

அத்தைக்கும் எனக்கும் ஒரு சண்டை, வாங்கின உடனே சமைக்க வேண்டும் என்பார். ஆடு அறுத்துச் சில மணி நேரத்தில் தசை விறைக்கும், அந்த விறைப்பு நேரத்தில் சமைத்தால் எந்த நல்ல ஆடும் ரப்பர்தான். அதனால் நான் தண்ணீர் படாமல் மூடி போட்ட பாத்திரத்தில் ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டில் வைத்து மறுநாள் சமைக்கிறேன். இரண்டு விசில் குறைகிறது. அத்தை சாப்பிடுவார், ஒத்துக்கொள்ள மாட்டார்.

கோழிக்கு வேறு கணக்கு. பல்லடத்தில் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு பண்ணை விலை அறிவிக்கும், பேப்பரில் வரும், அதைப் பார்த்துவிட்டுப் போனால் கடைக்காரர் சும்மா ஏற்றிச் சொல்ல முடியாது. உயிர் எடை போடும் கடையில் இரண்டு கிலோக் கோழி உரித்தால் ஏறக்குறைய 1.35 கிலோ கறி நிற்கும். உயிர் எடை கிலோ 150 என்றால் 300 ரூபாய், அதை 1.35-ஆல் வகுங்கள், கறி கிலோ 222 ரூபாய். பக்கத்துக் கடையில் உரித்த கறி 250 என்றால் எது லாபம் என்று நீங்களே பாருங்கள், ஈரலும் காலும் வேறு கூட வரும். புரட்டாசியில் பாதி ஊர் விரதம், கோழி விலை இறங்கும், அப்போது எடுத்து ஃப்ரீசரில் வையுங்கள். ஆட்டுக்கறி விலை மட்டும் எங்கள் ஊரில் எந்த மாசமும் இறங்காது.

தீபாவளிக்கு எங்கள் தெருவில் எட்டு வீடு சேர்ந்து கூறு போட்டோம். எட்டயபுரம் சந்தைக்குச் சனிக்கிழமை போய் கன்னி இன ஆட்டுக் கிடாய் ஒன்று வாங்கினோம், கருப்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு, அவ்வளவு அழகு, எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. வெட்டுக்கூலியோடு வீட்டுக்கு 1,200, கூறுக்கு ஒன்றேகால் கிலோ கறி. கணக்குப் போட்டால் கிலோ 960, அன்றைக்குக் கடையில் 1,000. பெரிய லாபம் ஒன்றும் இல்லை, ஆனால் எந்த ஆடு என்று கண்ணால் பார்த்தோம், எல்லார் கூறிலும் தொடையும் இருந்தது எலும்பும் இருந்தது. தலையும் காலும் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினோம். தலை எதிர்வீட்டுக்குப் போய்விட்டது, அந்த வீட்டில் தலைக்கறி சாப்பிடவே மாட்டார்கள், கடைசியில் 300 ரூபாய்க்கு நான்தான் வாங்கினேன்.

இந்த வாரச் சனிக்கிழமை மறுபடி சந்தைக்குப் போகிறோம். கேமராவையும் கொண்டு போகிறேன், கிடாய் முட்டாமல் விட்டால் வீடியோ வரும்.