ஷட்டவுன் பண்ணியும் அப்டைம் ஏன் ஜீரோ ஆகல?

[திரை: கருப்பு டெர்மினல் விண்டோ]

வணக்கம் மக்களே. நைட்டு மழைல வேளச்சேரி சைடு ரெண்டு வாட்டி கரண்ட் போய் வந்திருக்குன்னு வைங்க, காலைல பாத்தா சிஸ்டம் ஓடிட்டுதான் இருக்கு, ஆனா யூபிஎஸ் தாங்குச்சா இல்ல நடுவுல ஆஃப் ஆகி தானா ஆன் ஆச்சான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

லினக்ஸ்னா ஈஸி. டெர்மினல்ல அப்டைம்னு அடிச்சு என்டர் தட்டுங்க, சிஸ்டம் ஆன் ஆகி எவ்ளோ நேரமா ஓடுதுன்னு காட்டும், அதுக்கு பேர்தான் அப்டைம்.

[திரை: 09:14:22 அப் 12 டேஸ், 3:07, 2 யூசர்ஸ், லோடு ஆவரேஜ் 0.42, 0.35, 0.30]

மொதல்ல இருக்கறது இப்போ மணி. அந்த 3:07ஐ பாத்துட்டு மூணு மணிக்கு ஆன் ஆச்சுபோலன்னு நிறைய பேர் நெனச்சுக்கறாங்க, அப்படி இல்ல, 12 நாளு, அதுக்கு மேல 3 மணி நேரம் 7 நிமிஷமா ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். கணக்கு போட சோம்பலா இருந்தா அப்டைம், ஒரு ஸ்பேஸ், ஹைஃபன் எஸ். எந்த தேதி எத்தன மணிக்கு பூட் ஆச்சுன்னு நேராவே சொல்லிரும், அது கரண்ட் போன நேரத்துக்கு அப்புறம்னா யூபிஎஸ் கைய விரிச்சிருச்சு, பேட்டரிய பாருங்க. மேக்ல இந்த ஹைஃபன் எஸ் எடுக்காது, ஹூ ஹைஃபன் பி போடுங்க.

கடைசி மூணு நம்பர் 1, 5, 15 நிமிஷத்து லோடு, அது தனி வீடியோக்கான மேட்டர்.

இப்போ விண்டோஸ். இங்கதான் கூத்தே. கமாண்ட் ப்ராம்ப்ட்ல சிஸ்டம்இன்ஃபோன்னு சேத்து அடிங்க, கொஞ்சம் யோசிச்சுட்டு பெரிய லிஸ்ட் ஒண்ணு கொட்டும், அதுல சிஸ்டம் பூட் டைம்னு ஒரு லைன்.

[திரை: அந்த லைன் மட்டும் மஞ்சள்ல]

டெய்லி சாயங்காலம் ஷட்டவுன் பண்ணிட்டுதான் கிளம்பறேன், இது என்னடா மூணு வாரத்துக்கு முன்னாடி தேதிய காட்டுதுன்னு தோணும். மெஷின் பொய் சொல்லல. விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுக்கும்போது உங்க ப்ரோக்ராம் எல்லாம் மூடிரும், ஆனா கெர்னலையும், அதாவது விண்டோஸோட மையப் பகுதியையும், ஹார்டுவேர ஓட்டற டிரைவரையும் அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சிரும், மறுநாள் அதையே திருப்பி எடுத்துக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைல சரக்க எடுத்து வைக்காம ஷட்டர மட்டும் இறக்கிட்டு போறாங்கல்ல, அதே கதைதான். அதனால அப்டைமும் ஓடிட்டே இருக்கும், மக்கர் பண்ற டிரைவரும் அதே நெலமைல திரும்பி வரும். சப்போர்ட்ல ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன் சார்னு சொல்றது செல்லாது, ரீஸ்டார்ட் குடுத்தாதான் எல்லாம் புதுசா ஏறும்.

முழுசா ஆஃப் ஆகணும்னா கமாண்ட் ப்ராம்ப்ட்லயே ஷட்டவுன், ஸ்பேஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்பேஸ், ஸ்லாஷ் டி, ஸ்பேஸ், ஜீரோ. ஆனா அடிச்ச உடனே ஆஃப் ஆயிடும், கேள்விலாம் கேக்காது, மொதல்ல எல்லாத்தையும் சேவ் பண்ணிக்கோங்க. டெய்லி இத அடிக்க முடியாதுன்னா கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்க எடுத்து விட்ருங்க, எஸ்எஸ்டி போட்ட மெஷின்ல பூட் ஆகற டைம்ல பெருசா வித்தியாசம் தெரியாது.